வீடு கட்டுவோர் கவனத்திற்கு

வீடுகளை நாம் அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதை, அல்லாஹு தஆலா தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்-நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) நினைவூட்டுகின்றான். விசாலமான இல்லம் மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எனவே, சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவது குற்றமன்று. மார்க்கம் அதைத் தடுக்கவுமில்லை.

ஆனால், அமைதிக்காகக் கட்டும் வீடே அமைதியைப் பறித்துக் கொள்ளுமானால் என்ன செய்வது? இன்று எத்தனையோ குடும்பங்களில் நடப்பது இதுதான்.

அண்மையில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். வீடு லிண்டல் மட்டத்தில் நின்று விட்டது. கையிருப்புத் தீர்ந்தது. மனைவியின் நகையில் பாதி போய்விட்டது. சட்டைப் பையில் வங்கிக் கடனுக்கான விண்ணப்பம் இருந்தது. "ஹஜ்ரத், இருபது லட்சம் இருந்தால் முடித்து விடுவேன். எனக்கு வேறு வழியில்லை. இது நிர்ப்பந்தம்தானே?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய கணக்கு நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். அதைப் பார்த்த பின் நாங்கள் பேசியவற்றையே எல்லோருக்கும் பாடமாக இங்கே எழுதுகிறேன்.

விலை ஏறியது எவ்வளவு? நாம் ஏற்றியது எவ்வளவு?

விலைவாசி ஏறியிருப்பது உண்மை. ஆற்று மணல் அரிதாகி எம்-சாண்டுக்கு மாறிவிட்டோம். கம்பி, செங்கல், ஜல்லி, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி எல்லாமே உயர்ந்துள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் சிமெண்டு மட்டுமே வீடாகி விடாது.

சகோதரரின் நோட்டு வேறொரு செய்தியையும் சொல்லிற்று. அவர் முதலில் போட்ட திட்டம் 900 சதுர அடி. மைத்துனர் ஒரு வார்த்தை சொன்னார், போர்டிகோ வந்தது. அடுத்த தெருவில் ஒருவர் மாடி எடுத்தார், இவரும் மாடிக்குக் கம்பி விட்டார். திட்டம் 1600 சதுர அடியாயிற்று. ஒரு சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை சிமெண்டும், 4 கிலோ கம்பியும் தேவைப்படும் என்பது மேஸ்திரிமார்களின் பொதுக்கணக்கு. அதன்படி 360 மூட்டையில் முடிய வேண்டியது 640 மூட்டையாயிற்று. 3,600 கிலோ கம்பி 6,400 கிலோவாயிற்று. "விலை ஏறியதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால், 700 சதுர அடியை ஏற்றியது கடைக்காரரா, நீங்களா?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார்.

உண்ணுங்கள், பருகுங்கள் என அனுமதித்த இறைவன், அதே வசனத்தில் வீண்விரயம் கூடாது என்றும் தடுத்துள்ளான் (7:31). செலவு செய்யும்போது வரம்பு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் நடுநிலையில் நிற்பவர்களைத் தன் நல்லடியார்கள் என்று புகழ்கின்றான் (25:67). ஒரு வீட்டில் கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். பிள்ளைகள் அதிகமுள்ளவர் அதிக அறை கட்டுவதை இது தடுக்கவில்லை. தேவைக்கு மேல் சேர்ப்பது யாருக்குப் போய்ச் சேரும் என்பதையே இது உணர்த்துகிறது. ஆட்டிடையர்கள் உயரமான கட்டடங்களில் ஒருவரையொருவர் மிஞ்சப் போட்டியிடுவதை மறுமையின் அடையாளங்களுள் ஒன்றாக அண்ணலார் (ஸல்) குறிப்பிட்டதையும் மறந்து விடலாகாது.

இன்னொரு வீண்செலவும் உண்டு. நம்மவர்களிலும் சிலர் மனையடி சாஸ்திரம் பார்ப்பவரின் சொல்லைக் கேட்டு, எழுப்பிய சமையலறையை இடித்து மூலை மாற்றுகிறார்கள். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று ஈமான் கொண்டவனுக்கு இது தகுமா? காற்றும் வெளிச்சமும் வரும்படி ஜன்னல் வைப்பது அறிவு; கழிப்பறை கிப்லாவை நோக்காமல் அமைப்பது பேணுதல். மூலைக்குப் பயப்படுவது இவ்விரண்டிலும் சேராது.

வட்டிக் கடன்

இப்போது அந்த விண்ணப்பத்துக்கு வருவோம். இருபது லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், இருபது ஆண்டுத் தவணையில் வாங்கினால், மாதந்தோறும் ஏறத்தாழ 18,000 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருப்பது 43 லட்சத்துக்கும் மேல். வாங்கிய தொகையை விட வட்டி அதிகம்! வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியிருக்கிறான் இறைவன் (2:275). வட்டி வாங்குபவரை மட்டுமல்லாது, கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள்.

"நிர்ப்பந்தம் இல்லையா?" என்று சகோதரர் மீண்டும் கேட்டார். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு. ஆனால், பசியால் உயிர் போகும் நிலையும், மாடிக்குப் படிக்கட்டு இல்லாத நிலையும் ஒன்றாகுமா? தலைக்கு மேல் கூரையே இல்லாதவர் தம் நிலையை ஆலிமிடம் விவரித்துக் கேட்கட்டும். போர்டிகோவுக்கு அந்தச் சட்டத்தைத் தேட வேண்டாம்.

வட்டியில்லாமல் பெறும் அழகிய கடனுக்கு வழியிருக்கிறது. அதற்கு முதல் நிபந்தனை எழுத்து. கடனைத் தவணையுடன் எழுதி, சாட்சி வைத்துக் கொள்ளும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கட்டளையிடுகிறது. "அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்ற கூச்சத்தால்தான் பல உறவுகள் முறிந்துள்ளன. கொடுத்தவர், வாங்கியவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் தர வேண்டும் (2:280). வாங்கியவர், முடிந்தும் இழுத்தடிப்பது அநீதியாகும்.

மனைவியின் நகை

தாய்மார்களே, இதை நீங்களும் கவனியுங்கள். மனைவியின் மஹரும், அவளுக்குத் தாய்வீட்டார் அளித்த நகையும் அவளுடைய சொத்து. அவள் மனம் விரும்பி விட்டுக் கொடுத்தால் கணவன் தாராளமாக அனுபவிக்கலாம் (4:4). வற்புறுத்தி வாங்குவதற்கு அவனுக்கு உரிமையில்லை. கடனாகக் கொடுத்தாளா, அன்பளிப்பாகக் கொடுத்தாளா, வீட்டில் பங்காகக் கொடுத்தாளா என்பதை அன்றே பேசி எழுதிவிடுங்கள். நாளை பாகப் பிரிவினை வரும்போது அவளுடைய பங்கு மண்ணோடு மண்ணாகிவிடக் கூடாது.

மகளுக்கு வீடு

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களிலும், இலங்கையின் கிழக்குக் கரையிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பெண்மக்களுக்குத் தலைக்கு மேல் ஒரு நிழல் இருக்கட்டும் என்று பெற்றோர் விரும்பிக் கொடுப்பது நல்ல அன்பளிப்பே. ஆனால், "வீடு உண்டா?" என்று கேட்ட பின்புதான் பெண் பார்க்க வருவோம் என்றால் அது அன்பளிப்பன்று; நிபந்தனை. மஹர் கொடுப்பதும், மனைவிக்கு இருப்பிடம் தருவதும் ஆணின் கடமை. விலைவாசி ஏற ஏற, இந்த வழக்கத்தின் சுமை தந்தையோடு நிற்காமல் அண்ணன்மார் தலையிலும் விழுகிறது. தங்கைக்கு வீடு முடியும் வரை தங்களுக்குத் திருமணமில்லை என்று வெளிநாட்டில் நரைத்துப் போன சகோதரர்களை நாம் அறிவோம். பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து சாட்சியாக்க வந்த தந்தைக்கு, நபி (ஸல்) அவர்கள் சாட்சி நிற்க மறுத்து விட்டார்கள் என்ற நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் அறிவிப்பையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜக்காத்தும் கூலியும்

வீடு கட்டச் சேர்த்து வைக்கும் பணத்துக்கு ஜக்காத் இல்லை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். நிஸாப் அளவை எட்டி, சந்திர ஆண்டு ஒன்று பூர்த்தியானால் அதற்கும் இரண்டரை சதவீதம் கடமை என்பதே பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு. குடியிருக்கும் வீட்டுக்கு ஜக்காத் இல்லை. அதற்காகச் சேமித்த ரொக்கத்துக்கு உண்டு.

செலவு மிஞ்சும்போது முதலில் நிறுத்தப்படுவது கூலிதான். டைல்ஸ் கடைக்காரருக்கு ரொக்கம். சித்தாளுக்கு "அடுத்த வாரம் வாம்மா". வேலை வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகின்றான் என்று புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸி எச்சரிக்கிறது. அவள் தலையில் சுமந்த கல்லில்தானே நம் சுவர் நிற்கிறது! அதேபோல், அண்டை வீட்டார் மனையில் ஒரு சாண் தள்ளிக் கடைக்கால் போடுவது, மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் குற்றம்.

முடிவு

அந்தச் சகோதரர் என்ன செய்தார்? விண்ணப்பத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மேஸ்திரியோடு உட்கார்ந்து போர்டிகோவை விட்டார். மாடியைப் பிற்காலத்துக்குத் தள்ளினார். ஹாலையும் இரண்டு அறைகளையும் சமையலறையையும் மட்டும் தளம் போட்டு மூடுவதென முடிவு செய்தார். தேவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தத் தொகையை அவருடைய தம்பியும் சம்பந்தியும் கடனாக எழுத்து மூலம் தந்தனர். சுவருக்கு வெளியே இன்னும் பூச்சு இல்லை. உள்ளே தரை சாதாரண சிமெண்டுத் தரை. ஆனால், குடிபுகுந்த அன்று, "ஹஜ்ரத், நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்" என்றார். வீடு என்பது அதற்குத்தானே!

கட்டத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ளட்டும்: இந்த அறை தேவைக்கா, பெருமைக்கா? இந்தப் பணம் ஹலாலானதா? யாருடைய உரிமையாவது இதில் கலந்திருக்கிறதா? நான் இன்றே மவுத்தானால் இந்தக் கடனை யார் அடைப்பார்?

பரக்கத் நிறைந்த இல்லங்களையும், கடனற்ற நிம்மதியையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.