பெயரைச் சரியாகச் சொல்

வட்டுக்கோட்டை,
வெள்ளிக்கிழமை

அன்புப் பேத்திக்கு,

நீ சாம்பியாவுக்குப் போகிறாய் என்று அம்மா சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதுவும் தென் மாகாணத்தில், மொன்சேக்குப் பக்கத்தில், ஒரு மிஷன் போடிங் பள்ளிக்கூடம்! 1979 முதல் 1986 வரை நான் கணக்குப் படிப்பித்த இடமும் அதே றோட்டில்தான், லுசாக்காவிலிருந்து லிவிங்ஸ்ரன் போகிற வழியில். 1964இல் சுதந்திரம் கிடைத்தபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் நூறு பேரளவில்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களைத் திறந்துவைத்துக்கொண்டு வாத்திமாரைத் தேடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் போனோம். ஆனால் நாங்கள் சம்பளத்துக்குப் போனவர்கள். நீ ஒரு வருடப் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு, சம்பளமில்லாமல், ஊழியம் என்று போகிறாய். உன்னை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவது கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும்.

பயணச் செலவுக்குப் பணம் சேர்க்க நீ அங்கே கனடாவில் சபையாருக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அம்மா எனக்கும் அனுப்பினாள். நீல உடுப்புப் போட்ட ஒரு சிறுமியின் படம். போன வருடம் போய்வந்த யாரோ எடுத்ததாம். படத்தின் கீழே, இந்தப் பிள்ளையின் வாழ்வில் ஒளி ஏற்ற உதவுங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?

உனக்குத் தெரியாது. பணம் போட்டவர்களுக்கும் தெரியாது. தன் முகம் கனடாவில் கைமாறித் திரிகிறது என்று அவளுக்கும் தெரிந்திராது. நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், மகள். ஆனாலும் இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்க்கையில் நெஞ்சில் முள் தைத்தது போல இருந்தது.

என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துப் பொடியன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் அமெரிக்காவில் இருந்த தருமவான்கள் பணம் அனுப்பினார்கள். பணம் தந்தவரின் விருப்பப்படி பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்கிற வழக்கம் இருந்தது. அப்படித்தான் நம் பெரியவர்கள் சிலரின் பெயருக்கு முன்னால் கறோல் என்றும் ஆர்னல்ட் என்றும் நெவின்ஸ் என்றும் ஒட்டிக்கொண்டது. 1855இல் தமிழில் 'வீசகணிதம்' எழுதியவர் கறோல் விசுவநாதபிள்ளை. கணக்கு வாத்தியான எனக்கு அவர் மூதாதை முறை. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் 'கறோல்' எனக்கு இடறும். கடல் கடந்து, அவரை ஒருநாளும் காணாத ஒருவர் கொடுத்த பணத்துக்கு ஈடாக அந்தப் பெயர் அவர் தலையில் ஏறியது. அந்தப் படிப்பினால் அவர் உயர்ந்தார், தமிழும் பயன் பெற்றது; அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்கள் இல்லாவிட்டால் நானும் இல்லை. ஆனால் பெயரில்லாத படம் ஒன்றைக் காட்டிப் பணம் கேட்கும்போது, நீயும் அதே பழைய கணக்கைத்தான் தொடர்கிறாய்.

உனக்கு இது விளங்காத விஷயம் அல்ல. நாலாம் வகுப்பில் உன் ரீச்சர் உன் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டதற்கு நீ என்னிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறாய்.

மொன்சேப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இரண்டு பெயர். வரவுப் புத்தகத்தில் கிஃப்ட், மெமறி, பிறெஷஸ் என்று இங்கிலிஷ் பெயர் இருக்கும். வீட்டில், அந்தப் பக்கத்து மக்களின் மொழியான ரொங்காவில் ஒரு பெயர். சிப்போ என்றால் கொடை. சோல்வே என்றால் அதிர்ஷ்டம். வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில் ஆண் பிறந்தாலும், வரிசையாக ஆண்களே பிறந்த வீட்டில் பெண் பிறந்தாலும் முத்தின்தா என்று வைப்பார்கள். மாறி வந்த பிள்ளை. தமிழ்நாட்டில் 'போதும்பொண்ணு' என்று வைப்பதை எண்ணிப் பார், எவ்வளவு வித்தியாசம்! நான் போன முதல் தவணை முழுக்க ஒரு பொடியனின் பெயரைப் பிழையாகவே கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் எழும்பி நின்று "யெஸ், சேர்" என்றான். கடைசியில் குசினியில் சமைக்கிற கிழவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுத் திருத்தினார். வயதில் பெரியவரைத் திருத்துவது மரியாதை அல்ல என்று அந்தப் பிள்ளை அத்தனை மாதம் பொறுத்திருக்கிறான். அடுத்த நாள் வகுப்பு முழுவதற்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான் அந்த வகுப்பில் "விளங்கவில்லை, சேர்" என்று சொல்லப் பிள்ளைகள் துணிந்தார்கள். மூன்று மாதமாக நான் விளங்கப்படுத்தியது பாதிப்பேருக்கு விளங்கவேயில்லை என்று அப்போதுதான் கண்டேன்.

ஆகவே ரொங்கா படி. ஒரு வருடத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்காதே. காலையில் "ம்வபூக்கா பூட்டி" என்று கேள். எப்படி எழும்பினீர்கள் என்று அர்த்தம். "கபோட்டு" என்று பதில் வரும், நலம் என்று. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நீ குசினிக்குள் போகலாம், தோட்டத்துக்குள் போகலாம். உன் சபையின் மிஷனரி அண்டர்சன் 1905இல் மொன்சேக்குப் பக்கத்தில் ருசாங்குவில் வந்து இறங்கியபோது, முதலில் வீடு கட்டி, மொழி படித்து, பிறகுதான் பள்ளிக்கூடம் திறப்பது என்று எண்ணியிருந்தார். வந்தவுடனேயே ஒரு பையன் வந்து படிப்பியுங்கள் என்று நின்றான். அனுப்ப மனம் வரவில்லை. பிள்ளைகளிடமே மொழியைப் படித்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த நம் மானிப்பாய் வைத்தியர் கிறீனும் அந்த வழிதான். தமிழ் படித்து, தமிழிலேயே வைத்தியம் சொல்லிக் கொடுத்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்.

நீ போகிற இடத்துக்குக் கிறிஸ்துவை நீ கொண்டுபோகவில்லை என்பதையும் மனதில் வை. சாம்பியா 1991இல் தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்த நாடு. தென் மாகாணத்தில் உன் சபையாரே ஏராளம். ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை பொழுது சாய, வாத்தியம் ஒன்றும் இல்லாமல், நாலு குரலில் அந்தப் பிள்ளைகள் பாடத் தொடங்கினால் நீ வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். நான் கேட்டிருக்கிறேன். விசுவாசத்தில் அவர்கள் உனக்கு மூத்தவர்களாகவும் இருக்கலாம். அப்படியானால் நீ என்ன செய்யப் போகிறாய்? ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னங்கள் படிப்பிக்கப் போகிறாய். இரவில் விடுதியைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். அதைச் சரியாகச் செய்.

ஒரு வருடம் என்பதைப் பற்றி. மாணவர் மிஷனரி என்று உன் சபையின் அமெரிக்கக் கல்லூரிகள் 1959இலிருந்து பிள்ளைகளை அனுப்புகின்றன. ஆனால் இதன் வேர் இன்னும் பழையது. 1806இல் மசச்சூசெட்ஸில் ஐந்து கல்லூரி மாணவர்கள் இடி மழைக்கு ஒரு வைக்கோற் போரில் ஒதுங்கிச் செபித்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் றிச்சட்ஸ். அவர் 1816இல் நம் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். அமெரிக்க மிஷன் ரீச்சர் எலைசா அக்னியூ 1840இல் வந்தார். உடுவில் பெண்கள் விடுதியில் தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் படிப்பித்தார். 1883இல் மானிப்பாயில் கண் மூடும்வரை ஒருதரம்கூட ஊருக்குத் திரும்பவில்லை. அவர்கள் ஆயுளைக் கொடுத்தவர்கள். உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஆயுளைக் கொடுக்க வந்தவர் செய்கிற காரியத்தை ஒரு வருடத்துக்கு வந்தவர் செய்யப் புறப்படக் கூடாது. பள்ளிக்கூடத்தைத் திருத்துவது, வழக்கங்களை மாற்றுவது, ஒரு பிள்ளையை மட்டும் தெரிந்தெடுத்துத் தாயாக இருப்பது, இவை உன் வேலை அல்ல.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். உன் கல்லூரி வருடம் செப்ரெம்பரில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிகிறது. சாம்பியாப் பள்ளிக்கூட வருடம் சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நீ செப்ரெம்பரில் போய் மே மாதத்தில் திரும்பினால், சோதனைக்கு ஆயத்தமாகிற வகுப்பில் கடைசித் தவணையில் போய் ஏறுவாய். புதிய வகுப்பைப் பாதியில் விட்டு இறங்குவாய். இரண்டு வகுப்பும் உன்னால் குழம்பும். என்னிடம் கேட்டால், சனவரியில் போய் டிசம்பர் வரை நில். உன் பட்டம் ஒரு அரையாண்டு பிந்தும். பிந்தட்டும். முடியாது என்றால், முழு வகுப்பை உன்னிடம் தரவேண்டாம், இன்னொரு வாத்தியாருக்குத் துணையாகப் போடுங்கள் என்று இப்போதே அதிபருக்கு எழுது.

விடுதியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் நானும் போடிங் பிள்ளை. பதினொரு வயதில் அப்பா என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போன அன்று, அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு இளம் அண்ணன் வந்தார். இருபத்தொரு வயது. ஒரு வருடம் எங்களோடு இருந்தார். இரவுச் செபம் முடிய மைதானத்துக்குக் கூட்டிப்போய் நட்சத்திரங்களைக் காட்டுவார். நான் அவருக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டேன். போகும்போது, மாதம் ஒரு கடிதம் எழுதுவேன் என்றார். தபால்காரர் வருகிற நேரத்தில் நான் கேற்றடியில் நிற்பேன். இரண்டு வருடம் நின்றேன். ஒரு கடிதமும் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு அது இரண்டாவது பிரிவு. முதலாவதை விட அது கடினமாக இருந்தது, ஏனென்றால் அப்பா லீவுக்குக் கூட்டிப்போக வந்தார்.

நீ இந்தத் தவறைச் செய்யாதே. போன முதற் கிழமையே, எந்த மாதம் திரும்புவேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. தனித்தனியாக எழுதுவேன் என்று ஒருவருக்கும் வாக்குக் கொடுக்காதே. விடுதி முழுவதற்கும் வருடத்துக்கு ஒரு கடிதம், நத்தாருக்கு, என்று சொல். சொன்னால் தவறாமல் எழுது. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுக்காதே. அந்தப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவர்கள். சிநேகிதியாக இருக்க ஆசை வரும், ஆனால் நீ அங்கே பொறுப்பாளி. எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குள் தனியே இராதே. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து, ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று ஏதாவது சொன்னால், இரகசியமாக வைப்பேன் என்று சத்தியம் பண்ணாதே. கேட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு விடுதித் தலைவியிடம் போ. போக முன்னரே, இப்படியான நேரத்தில் யாரிடம் போவது என்று பள்ளிக்கூடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கு. அது எழுத்தில் இல்லாத இடத்துக்கு என் பேத்தி போவதை நான் விரும்பவில்லை.

மின்சாரம் அடிக்கடி போகும். கரிபா அணையில் தண்ணீர் குறைந்தால் நாடே இருளும். அந்த இரவுகளில் விடுதியில் இருந்து பிள்ளைகளைக் கதைக்க விடு, நீ கதைக்காதே. அந்த அணைப் பக்கத்துக் குவெம்பே பள்ளத்தாக்குப் பிள்ளைகள் இருந்தால் தங்கள் பூட்டன் பூட்டியின் கதையைச் சொல்லுவார்கள். 1950களின் கடைசியில் அந்த அணையைக் கட்டியபோது ஏறக்குறைய 57,000 ரொங்கா மக்களை ஆற்றங்கரையிலிருந்து எழுப்பினார்கள். அதில் வந்த வெளிச்சம் சுரங்கங்களுக்குப் போனது. எழும்பிப் போனவர்களின் ஊர்கள் பல பத்து வருடம் இருட்டில் இருந்தன. உங்கள் நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அந்த ஊர்ப் பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார்கள். இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு நான் இதற்குமேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. 'ன்சிமா' என்பது சோளமாக் களி. கையால் உருட்டி, பூசணி இலைக் கறியோடு தொட்டுச் சாப்பிடுவது. 'கபென்ரா' என்ற சின்னக் கருவாடு நம் நெத்தலி மாதிரித்தான். யூன் மாதத்து இரவுகள் குளிரும், அறைகளுக்குச் சூடு கிடையாது. ஒரு கம்பளிச் சட்டை கொண்டுபோ. கரும்பலகைக்குப் பெரிய மரக் கவராயம் ஒன்றும் கொண்டுபோனால் கணக்கு வாத்தியார் உன்னை வாழ்த்துவார்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தைத் திருப்பி எடு. வேறு ஒன்று எழுது. உன் படத்தைப் போடு. உனக்கு என்ன தேவை, ஏன் போகிறாய் என்று உன் கதையைச் சொல்லிக் கேள். முன்னையதைவிடக் குறைவாகப் பணம் சேர்ந்தால் மீதிக்கு என் ஓய்வூதியத்தில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அங்கே போய் ஒரு மாதம் முடிய எனக்கு ஒரு கடிதம் போடு. படம் வேண்டாம். உன் விடுதியில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுப் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், அவர்கள் சொல்லுகிற மாதிரியே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. எங்கே அழுத்துவது, எங்கே இழுப்பது என்று பக்கத்தில் குறித்துவிடு. நான் இங்கே விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துப் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மப்பா