எஞ்சினைக் கழற்றுமுன் அமுக்கத்தை அளப்போம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய மொறிஸ் மைனர் கார்களை இன்றும் காணலாம். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சிறிதளவு பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் இவற்றை ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்தது. இதனால் றிங்குகள் தேய்ந்தன.

எனவே ஒரு பழைய கார் ஏற்றத்தில் இழுக்காவிட்டால், "றிங் போய்விட்டது, போர் பண்ண வேண்டும்" என்று உடனே முடிவு செய்கிறோம். இது எப்போதும் சரியல்ல. வால்வு பழுதானாலும், ஹெட் காஸ்கெட் எரிந்தாலும் அமுக்கம் குறையும். ஹெட்டை மட்டும் கழற்றித் திருத்தக்கூடிய எஞ்சினைப் போர் பண்ணினால் பணம் வீண். அதோடு சிலிண்டரில் வெட்டிய இரும்பு திரும்பி வராது. ஒரு எஞ்சினைச் சில தடவைகள் மட்டுமே போர் பண்ணலாம்.

முதலில் செய்ய வேண்டியது

வால்வு இடைவெளியைப் பாருங்கள். மொறிஸ் மைனர் 1000 எஞ்சினில் இது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்க. ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9. இதற்குச் செலவு இல்லை.

அளக்கும் முறை

1. எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடாக்கி நிறுத்துக. கியரை நியூற்றலில் விட்டு, ஹான்ட் பிறேக்கைப் போடுக.
2. கொயிலுக்கு வரும் வயரைக் கழற்றுக. பிளக் துவாரத்தால் பெற்றோல் ஆவி வரும். அங்கே பொறி பறக்கக்கூடாது.
3. நான்கு பிளக்குகளையும் கழற்றுக.
4. முதலாம் சிலிண்டரில் அமுக்கமானியைப் பொருத்துக. ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி, முள் ஆறு தடவை துள்ளும்வரை ஸ்ரார்ட்டரைச் சுழற்றுக. அளவை எழுதுக.
5. மற்ற மூன்றுக்கும் இவ்வாறே செய்க. பற்றரி நன்றாகச் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும்.

நல்ல எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அளவில் காட்டும். ஆயினும் நான்கும் ஒத்திருப்பதே முக்கியம். மிகக் குறைந்தது, மிகக் கூடியதன் முக்கால் பங்குக்குக் கீழே போகக்கூடாது.

ஒரு உதாரணம்: 150, 145, 90, 148. 150 இன் முக்கால் பங்கு ஏறத்தாழ 112. ஆகவே மூன்றாம் சிலிண்டரில் குறை உண்டு. அதனுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு மீண்டும் அளப்போம்.

அளவு 135க்கு ஏறினால், ஒயில் றிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது. குறை றிங்கில் அல்லது சிலிண்டர்ச் சுவரில். அளவு 90 அளவிலேயே நின்றால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்து, ஒயிலுக்கும் ஏறாவிட்டால், அவற்றுக்கிடையே காஸ்கெட் எரிந்திருக்கலாம். இந்த எஞ்சினில் அவ்விரு சிலிண்டர்களின் புகைவால்வுகள் அருகருகே இருப்பதால் அவ்விடம் அதிகம் சூடாகும்.

அமுக்கமானி இல்லாவிட்டால்

சோதிக்கும் சிலிண்டரில் மட்டும் பிளக்கை மாட்டி, முன்புற ஹான்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலை ஹான்டிலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். கீழே அழுத்தாமல் மேலே இழுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை கை தடைப்படும். தடை பலவீனமாயின், அந்த இடத்தில் நிறுத்தி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காது கொடுத்துக் கேட்கட்டும். சைலன்சர் முனையில் சீறினால் புகைவால்வு. காபரேற்றரில் சீறினால் உள்வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் சீறினால் றிங்.

இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பழைய ஹெட்டில் புகைவால்வு உட்காரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாததால் அது தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். இடைவெளி குறைந்து வால்வு எரியும். ஹெட்டைக் கழற்றும்போது அவ்விடத்தில் கடினமான உருக்கு வளையம் பதிப்பித்தால் இது நீங்கும்.

நான்கு அளவுகளையும் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கொரு தடவை அளந்து ஒப்பிட்டால், கார் வழியில் நிற்கும் முன்பே குறை தெரியவரும். கராச்சுக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுசெல்லுங்கள்.