மெய் எது? பொய் எது?



சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு வடிவியல் பெட்டி காணாமற்போயிற்று. "அவள்தான் எடுத்திருப்பாள்" என்று இருவர் ஒரு மாணவியைச் சுட்டினர். அவள் முன்பொரு நாள் வீட்டுப்பாடம் பற்றிப் பொய் சொன்னது எங்கள் நினைவில் இருந்தது. அதுவே போதுமென்று எண்ணிவிட்டோம். மூன்றாம் நாள், பெட்டிக்கு உரியவளின் வீட்டிலேயே, தறிக்குப் பக்கத்தில் அது கிடைத்தது. அந்த மூன்று நாளும் குற்றம் சாட்டப்பட்டவள் மரத்தடியில் தனியாக அமர்ந்து சாப்பிட்டாள்.

கணக்குப் பாடம் நடத்தும் சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "குழந்தைகளே, இன்று பாடப் புத்தகம் வேண்டாம்" என்று சொல்லிக் கரும்பலகையில் ஒரு புதிர் எழுதினார். அன்று நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜரிகைப் புதிர்

ஆரணிப் பட்டுக்குப் பெயர் பெற்ற நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஜரிகையின் அருமை தெரியும். நெசவாளர் ஒருவர் வீட்டில் ஜரிகைக் கண்டு ஒன்று காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். அன்று வந்து போனவர்கள் மூவர். அவர்களுள் ஒருவரே அதை எடுத்தவர்.

தரகர் சொல்கிறார்: "சாயக்காரர்தான் எடுத்தார்."
சாயக்காரர் சொல்கிறார்: "நான் எடுக்கவில்லை."
பாவு பிணைப்பவர் சொல்கிறார்: "நான் எடுக்கவில்லை."

மூவருள் ஒருவர் மட்டுமே உண்மை சொல்கிறார் என்றால், எடுத்தவர் யார்?

நாங்கள் உடனே முகங்களை ஆராயத் தொடங்கினோம். "தரகர்தான்! பிறர்மேல் பழி போடுகிறாரே!" என்றாள் ஒருத்தி. சிஸ்டர் சிரித்தார். "ஆளைப் பார்க்காதீர்கள், சொல்லைப் பாருங்கள்" என்றார்.

தரகர் சொன்னதும் சாயக்காரர் சொன்னதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. சாயக்காரர் எடுத்திருந்தால் தரகர் சொன்னது மெய். எடுக்கவில்லையென்றால் சாயக்காரர் சொன்னது மெய். எப்படியிருந்தாலும் அவ்விருவருள் ஒருவர் சொல் மெய்யாகியே தீரும். மூவருள் ஒரே ஒரு மெய்தான் உண்டு. அது இவ்விருவரிடம் முடிந்துவிட்டது. ஆகவே பாவு பிணைப்பவர் சொன்னது பொய், எடுத்தவர் அவரே.

ஒன்றைக் கவனித்தீர்களா? தரகர், சாயக்காரர் இருவருள் யார் மெய்யர் என்று அறியாமலே விடையைக் கண்டுவிட்டோம். விடை கிடைத்த பிறகுதான் தரகர் சொன்னது பொய், சாயக்காரர் சொன்னது மெய் என்று தெரிகிறது. எல்லோரும் சந்தேகித்த தரகர் பொய் சொன்னார், ஆனால் திருடவில்லை. பொய் சொன்னவரெல்லாம் திருடர் அல்லர் என்பது அன்று நாங்கள் கற்ற முதற் பாடம்.

எதிரும் வேறும்

இங்கே பலரும் வழுக்கி விழுகிறார்கள். "இந்தச் சேலை சிவப்பு" என்கிறாள் ஒருத்தி. "இல்லை, பச்சை" என்கிறாள் மற்றொருத்தி. இருவர் சொல்லும் ஒருசேர மெய்யாக முடியாது. ஆனால் இரண்டும் பொய்யாகலாம். சேலை நீலமாயிருக்கலாம் அல்லவா? "சிவப்பு", "சிவப்பு அன்று" என்பவையே நேர் எதிர். அவற்றுள் ஒன்று மெய்யென்றால் மற்றது பொய். ஒன்று பொய்யென்றால் மற்றது மெய். புதிரில் முதலில் தேட வேண்டியது இத்தகைய இணையையே.

வைத்துப் பார்த்தல்

நேர் எதிர் இணை கிடைக்காதபோது வேறு வழி உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் ரேமண்ட் ஸ்மல்லியன் (1919–2017) 1978இல் வெளியிட்ட புதிர் நூலில், எப்போதும் மெய்யே பேசுவோரும் எப்போதும் பொய்யே பேசுவோரும் வாழும் தீவு ஒன்று வருகிறது. அத்தகைய ஊரில் அக்காள், தங்கை இருவரைக் காண்கிறோம். அக்காள், "நாங்கள் இருவருமே பொய்யர்" என்கிறாள். இருவரும் எத்தகையவர்?

அக்காள் மெய்யள் என்று வைத்துப் பார்ப்போம். அப்படியானால் அவள் சொன்னபடி அவளே பொய்யள் ஆக வேண்டும். இது முரண். எனவே அவள் பொய்யள்; அவள் சொன்னதும் பொய். "இருவருமே பொய்யர்" என்பது பொய்யானால், இருவருள் ஒருத்தியாவது மெய்யள். அக்காள் அல்லள், எனவே தங்கையே மெய்யள். வடிவியலில் ஒன்றை மெய்யென வைத்து, முரண் வருவதைக் காட்டித் தள்ளுகிறோமே, அதே முறைதான் இது.

இனி, சந்தவாசலில் ஒரு கவட்டுச் சாலையைக் கற்பனை செய்வோம். ஒன்று ஆரணிக்கும் மற்றது படைவீட்டுக்கும் செல்கிறது. அங்கே இரு பெண்கள். ஒருத்தி மெய்யள், மற்றவள் பொய்யள். யார் எவர் என்று தெரியாது. ஒரே கேள்விதான் கேட்கலாம். "ஆரணிக்கு வழி எது என்று உன் தோழியைக் கேட்டால் எதைக் காட்டுவாள்?" என்று கேட்போம். மெய்யளிடம் கேட்டால், தோழியின் பொய்யை உள்ளபடி உரைப்பாள். பொய்யளிடம் கேட்டால், தோழியின் மெய்யை மாற்றி உரைப்பாள். எவளைக் கேட்டாலும் விடையில் ஒரு பொய் கலந்தே வரும்! ஆகவே அவள் காட்டாத வழியே ஆரணி வழி.

முன்னோர் காட்டிய வழி

இது வெறும் விளையாட்டன்று. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள், காண்டல், கருதல் என்னும் அளவைகளை மணிமேகலைக்கு விரிவாக விளக்குகிறார். கண்டதையும், கண்டதிலிருந்து ஊகித்ததையும் பிரித்தறிய வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி.

அது தவறியதால் நேர்ந்த துன்பத்தைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்றான். கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மை. அதைக் கண்டது காண்டல். அது திருடியது என்பது வெறும் ஊகம். மனைவியின் சிலம்பையும் ஒருவன் விற்க வரலாம் அல்லவா? பாண்டியன் அதைக் கேட்கவில்லை. கோவலன் வெட்டுண்டான். பின்னர்க் கண்ணகி கேட்டது சிறிய கேள்விதான்: சிலம்பின் உள்ளே இருப்பது என்ன? அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, மெய் வெளிப்பட்டது. ஆனால் போன உயிர் மீளவில்லை.

திருவிவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம் இதற்கு மறுபக்கம். முதியோர் இருவர் சூசன்னாமேல் ஒரே பழியைச் சுமத்த, மக்கள் நம்பிவிட்டார்கள். இளைஞரான தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொன்னார். சேலையின் நிறம் போலவே, இரண்டும் ஒருசேர மெய்யாக முடியாது. அத்தோடு அவர்கள் கூட்டுச் சாட்சியம் சரிந்தது, சூசன்னா பிழைத்தாள். இங்கே கேள்வி கொலைக்கு முன்னே வந்தது!

இன்று கருவி இல்லையா என்று கேட்கலாம். பொய் காட்டும் கருவி எனப்படுவது மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை ஆகியவற்றின் மாற்றத்தையே பதிகிறது, பொய்யை அன்று. அஞ்சி நடுங்கும் மெய்யருக்கும் நாடி துடிக்கும். ஒருவரது சம்மதமின்றி இச்சோதனையை நடத்தக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது.

நாம் செய்ய வேண்டியது

புதிரில் "இவள் எப்போதும் பொய்யள்" என்பது நமக்குத் தரப்பட்ட விதி. வாழ்க்கையில் அப்படி எவரும் எழுதித் தருவதில்லை. ஒருமுறை பொய் சொன்னவள் எப்போதும் பொய் சொல்பவள் அல்லள். எங்கள் தோழி விஷயத்தில், தரப்படாத விதியை நாங்களே எழுதிக்கொண்டோம். "நீ கண்ணால் கண்டாயா, ஊகித்தாயா?" என்று அவ்விருவரையும் தனித்தனியே கேட்டிருந்தால் முதல் நாளே தெளிந்திருப்போம்.

பாடம் முடிந்ததும் நாங்கள் அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அன்று மதியம் அவளுடைய மரத்தடியில் இடம் போதவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பூச்சாடி ஒன்றை ஒருத்தி உடைத்துவிட்டாள்.
முல்லை: "உடைத்தவள் ரோஜா."
ரோஜா: "உடைத்தவள் தாமரை."
அல்லி: "நான் உடைக்கவில்லை."
தாமரை: "ரோஜா சொன்னது பொய்."

(1) நால்வருள் ஒருத்தி மட்டுமே மெய் சொன்னால் உடைத்தவள் யார்? (2) ஒருத்தி மட்டுமே பொய் சொன்னால் யார்?

விடை: ரோஜா, தாமரை சொற்கள் நேர் எதிரானவை, அவற்றுள் ஒன்று மெய், ஒன்று பொய். (1) அந்த ஒரே மெய் அங்கேயே இருப்பதால் அல்லி சொன்னது பொய், உடைத்தவள் அல்லி. (2) அந்த ஒரே பொய் அங்கேயே இருப்பதால் முல்லை சொன்னது மெய், உடைத்தவள் ரோஜா. சொற்கள் அவையே, விதி மாறியதும் குற்றவாளியும் மாறிவிட்டாள். ஆகவே தோழியரே, ஒருவரைச் சுட்டுமுன் நாம் எந்த விதியை நம்பிச் சுட்டுகிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக!