விமானச் சீட்டுக்கும் அடக்க விலை உண்டு



சரக்கு வாங்கும்போது எவரும் பில் விலையை மட்டும் பார்ப்பதில்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து, கடைக்கு வந்து சேரும்போது என்ன விலை அடங்குகிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் விற்பனை விலை வைக்கிறோம். அதே நாம், கொள்முதலுக்குப் போகும் விமானச் சீட்டை மட்டும் திரையில் முதலில் தெரியும் விலையை நம்பி வாங்கிவிடுகிறோம். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். 2023 ஆகஸ்டில் தீபாவளிக் கொள்முதலுக்காக மதுரையிலிருந்து சூரத் போக வேண்டியிருந்தது. இணையத்தில் தேடியபோது மதுரை–சென்னை ஒரு சீட்டு, சென்னை–அகமதாபாத் வேறொரு சீட்டு என்று தனித்தனியாக வாங்கினால் ரூ.1,200 குறைவாக இருந்தது. அப்படியே வாங்கினோம். சனிக்கிழமை காலை மதுரை விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்கியபோது அகமதாபாத் விமானம் போய்விட்டது. இரண்டும் தனிச் சீட்டுகள் என்பதால் இரண்டாவது விமானத்துக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. ரூ.11,000 கொடுத்துப் புதுச் சீட்டு வாங்கி, ரயில் பிடித்து சூரத் சேர்ந்தபோது நள்ளிரவு. மறுநாள் ஞாயிறு, மார்க்கெட் விடுமுறை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், நாம் பேசி வைத்திருந்த டிசைன்களில் பாதி வேறு ஊர் வியாபாரிக்குப் போய்விட்டது. 1,200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு சீசன் சரக்கையே கோட்டை விட்டோம். அதன்பின் தேடும் முறையை மாற்றிக்கொண்டோம். அந்த முறை வருமாறு:

1. முதலில் வேலை நாள், பிறகு பயண நாள்

போகும் ஊரின் மார்க்கெட் எந்த நாள் திறந்திருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகே தேதியைத் தேட வேண்டும். சூரத் ஜவுளி மார்க்கெட்டுகள் தீபாவளிக்கு மூடினால் லாபப் பஞ்சமி அன்றுதான் மீண்டும் கடை திறப்பது வழக்கம். அந்த இடைவெளியில் சீட்டு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. வேலை நாள் முடிவான பிறகு, தேடும் தளங்களில் உள்ள மாதக் காலண்டரைத் திறந்து, ஒரு நாள் முன்பின் என்ன விலை என்று பார்க்கலாம்.

2. பக்கத்து விமான நிலையங்களையும் தேடுக

சூரத்துக்கு விமான நிலையம் உண்டு. ஆனால் நம் ஊர்களிலிருந்து நேர் விமானங்கள் குறைவு. அகமதாபாத், வதோதரா, மும்பை மூன்றிலிருந்தும் சூரத்துக்கு ரயில் வசதி இருப்பதால் அவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்திலும் அப்படியே. மதுரைக்காரர் திருச்சியையும் தூத்துக்குடியையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்றில் கவனம் தேவை: 2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டது. மும்பை என்று தேடினால் இதுவும் சேர்ந்து வரலாம். சூரத் ரயில்கள் நிற்கும் போரிவலி, பாந்த்ரா பக்கத்துக்கு அங்கிருந்து நெடுந்தூரம். எந்த நிலையம் என்று பார்த்தே பணம் கட்டுக.

3. ஒரே சீட்டா, இரண்டா?

மாறிப் போகும் பயணம் என்றால் முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எண்ணாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் வேலை. தனித்தனி என்றால் நட்டம் நமக்கே.

4. நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடாதீர்

ஒரே விமானத்தில் பல விலைப் படிகளில் இடங்கள் விற்கப்படுகின்றன. குறைந்த விலையில் இரண்டு இடம்தான் மீதி இருந்தால், நான்கு பேருக்குத் தேடும்போது நால்வருக்குமே அடுத்த படி விலை காட்டப்படும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடினால் இது தெரிந்துவிடும்.

5. கடைசித் திரை வரை சென்று ஒப்பிடுக

முதல் திரையில் தெரிவது கூடைக்கு மேலே வைத்த தக்காளி. சேவைக் கட்டணம், இருக்கைக் கட்டணம், நாம் கேட்காமலே குறியிடப்பட்ட காப்பீடு எல்லாம் கடைசித் திரையில்தான் சேரும். தேடும் தளத்தில் விலை பார்த்த பிறகு, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பாருங்கள். உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் பொதுவாக 15 கிலோ சுமைதான் இலவசம். மாதிரித் துணிகளோடு திரும்பும் நமக்கு அது போதாது. அதிகச் சுமைக்கு முன்கூட்டியே இணையத்தில் பணம் கட்டுவது நிலையத்தில் கட்டுவதைவிடக் குறைவு.

ஓர் உதாரணக் கணக்கு: சீட்டு 5,400, சேவைக் கட்டணம் 400, அதிகச் சுமை 1,500, நள்ளிரவு வாடகைக் கார் 1,200, கூடுதலாக ஓர் இரவு அறை 1,500. ஆக மொத்தம் ரூ.10,000. பகலில் போய்ச் சேரும், சுமையும் அடங்கிய வேறொரு சீட்டு 7,600, ஆட்டோ 600. மொத்தம் ரூ.8,200. இதில் எது மலிவு என்று நாம் சொல்லத் தேவையில்லை.

6. ஜி.எஸ்.டி. எண்ணை விடாதீர்

சாதாரண வகுப்புச் சீட்டுக்கு வரி 5 சதவீதம். உயர் வகுப்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வியாபாரப் பயணம் என்றால் இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பதிவின்போதே கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, கடைப் பெயரில் பில் பெற வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்றே தனிக் கட்டணமும் சில விமான நிறுவனங்களில் உண்டு. தேதி மாற்றும் செலவு அதில் குறையும் என்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

7. போகாத சீட்டிலும் பணம் உண்டு

பணம் திரும்பாத சீட்டு என்றாலும், அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் பயணிக்குத் திரும்பித் தரப்பட வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பயணம் நின்றால் சீட்டைக் கிழித்துப் போடாமல், ரத்து செய்து அந்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி, சீட்டு எடுக்கும் பிள்ளையின் மேசை மேல் ஒட்டிவைத்திருக்கிறோம். சீட்டு எடுக்கும் முன் அடக்க விலை எழுதிக் காட்டினால்தான் நம் கடையில் பணம். கால் மணி நேரம் கூடுதலாகும். சரக்கு பேசுவதற்குச் செலவிடும் நேரத்தோடு பார்த்தால் அது பெரிதல்ல. உறுப்பினர்கள் தங்கள் அடுத்த கொள்முதல் பயணத்திலேயே இதைச் செய்து பார்க்க வேண்டுகிறோம்.