தூரதேச யாத்திரையும் முதல் நாட்களின் அயர்ச்சியும்

1838ஆம் ஆண்டில் சென்னை வந்திறங்கிய கால்டுவெல் ஐயர் மாதக்கணக்காய்க் கப்பலிற் கழித்தவர். கடலில் பொழுது சிறிது சிறிதாகவே மாறினபடியால், சரீரமும் அதனோடு இசைந்து வந்தது. ஆகாய விமானமோ நம்மவரை ஒரு நாளுக்குள் இலண்டனிற் சேர்த்துவிடுகிறது. மாரிக்காலத்தில் அங்கே மாலை 5 மணியாகுங்கால் பாளையங்கோட்டையில் இரவு 10.30. கண் தேம்ஸ் நதியைக் காண, தேகம் தாமிரபரணிக் கரையில் உறங்குகின்றது!

நித்திரையையும் பசியையும் ஆளும் உட்கடிகாரம் மூளையில் உள்ளது. கண்ணிற் படும் வெளிச்சமே அதனைத் திருத்துவது. அதுவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மணி நேரமே. ஆதலின், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் பத்து நாள் யாத்திரை செல்வோர் முதல் நாளே மியூசியத்துள் நுழைதல் வீண் செலவென்பது எங்கள் அபிப்பிராயம். மாலை வெளிச்சத்தில் உலாவி, அவ்வூர் இரவு வருமட்டும் விழித்திருத்தல் நலம். அக்கடிகாரத்தின் சுற்று பெரும்பாலார்க்கு 24 மணிக்குச் சற்றே மிகுதியாதலால், மேற்கே செல்வதினும் கிழக்கே வீடு திரும்புதலே வருத்தந் தருவது.