குச்சி ஐஸை வீட்டிலேயே செய்வோம்!

சித்திரை பிறந்து பள்ளிக்கூடமும் அடைத்தாகிவிட்டது. மத்தியானம் ஆனால் தெருவில் மணிச்சத்தம் கேட்கும். "ஆச்சி, ஐஸ் வண்டி வந்திருச்சு, காசு தாங்க!" என்று பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். "அதெல்லாம் வேண்டாம், சளி பிடிக்கும்" என்பார் ஆச்சி. கடைசியில் ஜெயிப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

என்னிடம் வருகிற தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ஐயா, பிள்ளைக்கு ஐஸ் கொடுக்கலாமா, கூடாதா?" என்பதுதான். என் பதில்: கொடுக்கலாம். ஆனால் எந்தத் தண்ணீரில், யார் கையால் செய்த ஐஸ் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டிலேயே செய்வதுதான். மாவு பிசைய வேண்டாம், அவன் அடுப்பு வேண்டாம். ஒரு பிரிஜ் இருந்தால் போதும். அது இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன்.

உறைந்தால் கிருமி சாகாது

பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தண்ணீர் ஐஸ் ஆகிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. குளிரில் பல கிருமிகள் தூங்கத்தான் செய்யும், சாகாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு இவற்றை உண்டாக்கும் கிருமிகள் ஐஸ்கட்டியில் உயிரோடு இருக்கும். வயிற்றுக்குள் போய் உருகியதும் விழித்துக்கொள்ளும்.

நம் தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனால் ஐஸ் பார்களை உடைத்துப் பெட்டிகளில் நிரப்புவதைப் பார்க்கலாம். அது மீன் கெடாமல் இருக்கச் செய்வது. வாயில் போடுவதற்கு அல்ல. சர்பத்திலும் ஜூஸிலும் இந்த ஐஸ் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் 2018-ல் மகாராஷ்டிரத்தில், உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நீங்கள் கடையில் ஜூஸ் வாங்கினால் "ஐஸ் போடாமல் கொடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அதே ஆண்டு, புகை வரும் பிஸ்கட்டில் ஊற்றுகிற திரவ நைட்ரஜன் ஆபத்தானது என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. குழந்தையின் தின்பண்டத்தில் பளிச்சென்ற நிறமோ புகையோ வந்தால் விலகிவிடுவது நல்லது.

ஆகவே முதல் விதி: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்தான் ஐஸ் போட வேண்டும். இரண்டாவது விதி: தொடங்குவதற்கு முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் இந்த இரண்டையும் விளையாட்டுப் போலக் கற்றுக்கொண்டால், அதுவே ஆயுசுக்கும் உதவும் மருந்து.

1. கருப்பட்டிப் பானக ஐஸ்

தேவை: உடன்குடிக் கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 2 டம்ளர் (400 மி.லி.), ஏலக்காய் 2, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழம் 1.

கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. மண், சுண்ணாம்பு அடியில் தங்கும், துணியில் வடிகட்டுங்கள். ஏலம், சுக்கு சேர்த்து நன்றாக ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள். சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பாதி இறுகியதும் குச்சியை நடுவில் செருகுங்கள். மொத்தம் 5, 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். டம்ளரைத் தண்ணீரில் அரை நிமிஷம் வைத்தால் கழன்று வரும்.

இதில் எட்டுக் குச்சி ஐஸ் வரும். ஒன்றில் சுமார் 12 கிராம் கருப்பட்டி, அதாவது இரண்டரைத் தேக்கரண்டி இனிப்பு இருக்கும். கருப்பட்டியும் இனிப்புதான், நாளுக்கு ஒன்று போதும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

2. நுங்கு இளநீர் ஐஸ்

தேவை: இளநுங்கு 6, இளநீர் 1.

நுங்கின் மேல்தோலை உரித்து, கையால் நன்றாக மசியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது! இளநீரில் கலந்து உறைய வையுங்கள். சர்க்கரை வேண்டாம். பதநீர் கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். காலையில் இறக்கியதை உடனே ஒரு கொதி விட்டு ஆற வைத்துச் சேர்க்க வேண்டும். நேரமானால் புளித்துவிடும்.

கோடை வெயிலில் உடம்புச் சூடு மிகும் என்பார்கள். நாவறட்சி, நீர்க்கடுப்பு, வியர்க்குரு எல்லாம் அதன் அறிகுறிகள். நுங்கையும் இளநீரையும் நம் முன்னோர் கோடைக்கு வைத்திருப்பது அதனால்தான். ஒரு எச்சரிக்கை: முழு நுங்கு வழுக்கும், சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்தே கொடுங்கள்.

3. வாழைப்பழக் கடலைமிட்டாய் வில்லை

தேவை: வாழைப்பழம் 3, கெட்டித் தயிர் அரை கப், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 4.

இதற்கு அடுப்பே வேண்டாம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை நன்றாகப் பொடியுங்கள். தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடிய விடுங்கள். பழத்தை வில்லைகளாக நறுக்கி, தயிரில் தோய்த்து, பொடியில் புரட்டி, தட்டில் ஒட்டாமல் அடுக்கி மூன்று மணி நேரம் பிரீசரில் வையுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். சாப்பாட்டைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகூட, தான் செய்த வில்லையை விடாது.

4. பிரிஜ் இல்லாமல் பால் ஐஸ்

நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். அதிலும் முன்னிலை நம் தூத்துக்குடி உப்பளங்களுக்கே. அந்த உப்பை வைத்தே குளிரை உண்டாக்கலாம். சாதாரண ஐஸ் 0 டிகிரியில் உருகும். உப்பைத் தூவினால் அது வேகமாக உருகி, சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகும். பிரிஜ் வராத காலத்தில் ஐஸ்கிரீம் செய்தது இப்படித்தான்.

காய்ச்சி ஆறிய பால் ஒரு டம்ளரில், ஆறிய கருப்பட்டிப் பாகு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் பாதி அளவு ஊற்றுங்கள். (சூட்டோடு கலந்தால் பால் திரிந்துவிடும்.) பெரிய பாத்திரத்தில் மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புப் போட்டு, டப்பாவை நடுவில் புதைத்து, பிள்ளைகள் மாறி மாறித் திருப்பட்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துத் திறந்து ஓரத்தைச் சுரண்டிவிடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் பால் ஐஸ் தயார்.

கவனம்: உப்பு கலந்த ஐஸை வெறும் கையால் தொட்டால் தோல் புண்ணாகிவிடும். துணியால் பிடிக்கச் சொல்லுங்கள்.

யாருக்கு, எப்போது?

• சளிக்குக் காரணம் கிருமி. ஐஸ் மட்டுமே காரணம் ஆகாது. ஆனால் இரைப்பு, நாள்பட்ட இருமல் உள்ள கப உடம்புக்காரப் பிள்ளைகளுக்குக் குளிர்ச்சி தூண்டுதலாகலாம். அவர்களுக்குப் பானகத்தை உறைய வைக்காமலே கொடுங்கள்.

• ஒரு வயதுக்குள் ஐஸும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

• வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு ஐஸ் மருந்தாகாது. ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

• வெயிலில் விளையாடி வந்த பிள்ளைக்கு முதலில் மண்பானைத் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து ஐஸ்.

• கரண்ட் போய் உருகிவிட்ட பால், தயிர்ப் பண்டங்களை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

• தின்றபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இவற்றில் ஒன்றைச் செய்து பாருங்கள். அடுத்த முறை மணிச்சத்தம் கேட்டால், உங்கள் பிள்ளையே "நம்ம வீட்டு ஐஸ்தான் வேணும்" என்று சொல்லும்.