பொறியியல் முதலாண்டும் குழு வடிவமைப்புப் போட்டிகளும்: பெற்றோர் அறிய வேண்டியவை

 

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் ஒரு மாணவி தன் தாயாருடன் அலுவலகத்துக்கு வந்தார். பொறியியல் முதலாண்டு. தந்தை விசைத்தறித் தொழிலாளி. கல்லூரியில் ஆறு பேர் கொண்ட குழுவில் அந்தப் பிள்ளையைச் சேர்த்திருந்தார்கள். போட்டி வெளியூரில். "வீட்ல வேணாம்னு சொல்றாங்க சாச்சா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நானோ, "போட்டியெல்லாம் எதுக்கும்மா? முதல்ல செமஸ்டர் பேப்பரைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இடத்துக்கு வேறொரு மாணவி போனார்.

இவ்வாண்டு உதவித்தொகைப் புதுப்பித்தல் படிவத்தில், "பாடத்துக்கு அப்பால் செய்தவை" என்ற இடத்தை அந்தப் பிள்ளை காலியாக விட்டிருந்தார். அந்தக் காலி இடத்துக்கு நானும் பொறுப்பு. பிறகுதான் இந்தப் போட்டிகளைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்கிறேன்.

போட்டியில் என்ன நடக்கிறது?

முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரிகளில் பரவலாக வைப்பது ஐஸ் குச்சிப் பாலம். எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு குச்சி, ஒரே பசை, ஒரே நேரம். கட்டிய பாலத்தின் நடுவில் எடையைத் தொங்கவிட்டு, உடையும்வரை ஏற்றுவார்கள். பெரும்பாலும் தாங்கிய எடையைப் பாலத்தின் சொந்த எடையால் வகுத்துத்தான் மதிப்பெண். 200 கிராம் பாலம் 20 கிலோ தாங்கினால் 100 புள்ளி. 400 கிராம் பாலம் 30 கிலோ தாங்கினாலும் 75 தான். குச்சியை அடுக்கிக்கொண்டே போனால் ஜெயிக்க முடியாது. யோசித்து வைக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான்கு குச்சிகளின் முனைகளைக் குண்டூசியால் இணைத்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாக இணைத்துத் தள்ளுங்கள். குச்சி வளைந்தோ முனை பிய்ந்தோ போனாலொழிய வடிவம் மாறாது. ரயில் பாலத்திலும் தகரக் கொட்டகைக் கூரையிலும் முக்கோணங்கள் இருப்பது இதனால்தான். இன்னொன்று: நீளமான குச்சியை இழுத்தால் தாங்கும், இரு முனையிலும் அழுத்தினால் நடுவில் வளைந்து முறியும். ஆகவே அழுத்தம் வரும் இடத்தில் குட்டையான குச்சி வேண்டும். பல பாலங்கள் குச்சி முறிந்து விழுவதில்லை, பசை காயாத இணைப்பு விட்டுப்போய் விழுகின்றன. இதைப் புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் மறந்து போகும்; தன் பாலம் கண்ணெதிரே உடைந்த பிள்ளைக்கு மறக்காது.

ஏன் குழுவாக?

ஒருவருக்குக் கணக்கு வரும், ஒருவருக்குக் கைவேலை வரும், ஒருவருக்கு நடுவர் முன் பேச வரும். நாம் மஷ்வரா என்று சொல்வதுதான் இது: எல்லார் கருத்தையும் கேட்டு, ஒரு முடிவெடுத்து, அதன்பின் அனைவரும் அதற்குக் கட்டுப்படுவது. வேலைக்குப் போனபின் கற்க வேண்டிய இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் பதினெட்டு வயதிலேயே கற்கிறார்கள்.

இது நமக்கு அந்நியமானதும் அல்ல. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா என்ற மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஏறக்குறைய நூறு கருவிகளை விளக்கி நூல் எழுதினார்கள். 1206இல் அல்ஜஸரி முடித்த நூலில், சுழலும் அசைவை முன்பின் அசைவாக மாற்றி நீர் இறைக்கும் கருவி இருக்கிறது. நம் அம்மையார்குப்பத்து விசைத்தறியில் கிராங்க் சுழல, அச்சு முன்னும் பின்னும் ஆடுகிறதே, அடிப்படை அதுதான். தறி பழுதானால் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த பிள்ளை, இந்தப் போட்டியில் யாருக்கும் இளைத்தவர் அல்ல.

எங்கெங்கே வாய்ப்பு?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970களில் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி உதிரிப் பொருட்கள் அடங்கிய பையைக் கொடுத்து, இயந்திரம் செய்து போட்டியிடச் சொன்னார். அந்த முறை உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் மத்திய அரசு 2017 முதல் நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் பெரியது. ஒரு குழுவுக்கு 6 பேர். அதில் ஒரு மாணவியாவது கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் கல்லூரிக்குள் தேர்வு, பிறகு தேசிய அளவு. மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று தொடர்ந்து 36 மணி நேரம். கருவி செய்யும் பிரிவு சில நாட்கள் நடக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் தாமே கருவிகள் செய்து பார்க்கப் புத்தாக்க மையம் 2008 முதல் இயங்குகிறது.

பெற்றோரின் கவலைகள்

"பொம்பளப் பிள்ளையை ராத்திரி எப்படி அனுப்புவது?" என்பது நியாயமான கேள்வி. வேண்டாம் என்று முடிப்பதற்கு முன் கல்லூரியிடம் கேளுங்கள்: உடன் வரும் ஆசிரியை யார்? மாணவிகளுக்குத் தனித் தங்குமிடம் உண்டா? தொழுகைக்கும் ஓய்வுக்கும் இடம் உண்டா? பயணச் செலவை யார் ஏற்பது? தெளிவான பதில் கிடைத்தால் மனம் ஆறும். கிடைக்காவிட்டால் மறுக்கவும் காரணம் இருக்கும். உள்ளூர்க் கல்லூரிக்குள் பகலில் நடக்கும் பாலப் போட்டிக்கோ இந்தக் கேள்விகளே தேவையில்லை.

"மார்க் குறையுமே?" என்பது அடுத்தது. செமஸ்டர் தேர்வுக்கு முந்திய வாரம் வரும் போட்டியைத் தவிர்க்கலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும். தோற்றாலும் பாதகமில்லை, ஏன் உடைந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் பேச அதுவே பொருளாகும்.

மாணவியுடன் தாயாரோ சகோதரரோ துணைக்குச் செல்ல விரும்பினால், அவர்களின் பேருந்து, ரயில் கட்டணத்தைக் கல்வி நிதியிலிருந்து கொடுப்பது என நம் நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கேட்கலாம்.

அந்த மாணவியின் வீட்டுக்கு நானே போனேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். தந்தை, "யோசிச்சுச் சொல்றேன் பாய்" என்றார். பிள்ளை இப்போது இரண்டாம் ஆண்டு. வாய்ப்பு இன்னும் இருக்கிறது. கல்லூரியில் அடுத்த தேர்வு வரும்போது மறுபடியும் போவேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்